பேர் சொல்லாமல் கொடுத்தவர் கண் கலங்கிப் பார்த்திருக்கிறீர்களா? – அனுபவப் பகிர்வு

மெய்டன்ஹெட்வாசி

லண்டனுக்கு மேற்கே மெய்டன்ஹெட் என்ற ஊரில் இருக்கிறேன். சொந்த ஊர் சாத்தூர் பக்கம். இங்கே ரயில் நிலையத்தின் மூன்றாம் நடைமேடையில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெரியவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெண்கலச் சிலை. வந்த புதிதில் ஆறேழு மாதம் அவர் யார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ரயில் தாமதமானால் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன். ஒருநாள் எலுமிச்சை சாதம் அவர்மேல் சிந்திவிட்டது. பதறிப்போய்த் துடைக்கும்போதுதான் அந்தப் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். குழந்தைகளின் முகங்கள். ரயில்.

பெயர் நிக்கோலஸ் விண்டன். இதே ஊர்க்காரர்தான். 1938 டிசம்பரில் அவருக்கு 29 வயது, லண்டனில் பங்குத் தரகர். பனிச்சறுக்கு விளையாட சுவிட்சர்லாந்து போக இருந்தவர், நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகுக்குப் போனார். ஹிட்லரிடம் போய்விட்ட சுடேட்டன் என்ற எல்லைப் பகுதியிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் முகாம்களில் குளிரில் கிடந்தன. பிள்ளைகளையாவது எங்காவது அனுப்பிவிடுங்கள் என்று பெற்றோர், முக்கால்வாசி யூதர்கள், வந்து நின்றார்கள். பிரிட்டன் அரசாங்கமோ ஒரு குழந்தைக்கு 50 பவுண்டு உத்தரவாதத் தொகையும், வளர்க்க ஒரு வீடும் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றது. இவர் லண்டன் திரும்பி, பகலெல்லாம் சந்தை வேலை, பொழுது சாய்ந்தால் அம்மாவோடு உட்கார்ந்து இந்த வேலை. 1939 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எட்டுத் தடவையாக 669 குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஐம்பது வருடம். 1988-ல் பரணில் கிடந்த ஒரு பழைய ஒட்டுப் புத்தகம் அவர் மனைவி கையில் சிக்கியது. குழந்தைகளின் பெயர்ப் பட்டியல், படங்கள், கடிதங்கள். அது கைமாறி பிபிசிக்குப் போக, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவரைப் பார்வையாளராக வரச் சொன்னார்கள். வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். உங்கள் பக்கத்தில் இருக்கிற அம்மாள் நீங்கள் காப்பாற்றிய குழந்தைகளில் ஒருவர் என்றார்கள். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். இவர் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுக் கண்ணைத் துடைக்கிறார். பிறகு அதே நிகழ்ச்சிக்கு அவரை மறுபடி வரவழைத்தபோது நடத்துபவர், “இந்த அரங்கத்தில் இவரால் உயிர் பிழைத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள்” என்ற மாதிரி ஒரு கேள்வி கேட்கிறார். சுற்றிலும், பின்னாலும் எழுந்து நிற்கிறார்கள். நரைத்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள். அவர் மெதுவாக எழுந்து திரும்பிப் பார்க்கிறார்.

யூடியூபில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது ராத்திரி ஒரு மணிக்கு, சத்தத்தைக் குறைத்து வைத்து. அந்த விரல்தான் என்னை என்னவோ செய்தது.

காரணம் இருக்கிறது. 1998-ல் பிளஸ் ஒன் சேரும்போது அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை போயிருந்தது. பீஸ் கட்டக் கடைசி நாள், கட்ட முடியாது என்று சொல்வதற்காகத்தான் பள்ளி ஆபீசுக்குப் போனோம். கிளார்க் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கட்டியாச்சே” என்றார். யார் என்று அப்பா கேட்டதற்கு, “கட்டியாச்சுன்னா கட்டியாச்சு, வகுப்புக்குப் போப்பா” என்றார். அடுத்த வருடமும் அப்படியே. இன்றுவரை யாரென்று தெரியாது.

உங்களுக்கும் இப்படி யாராவது இருந்தார்களா? இல்லை, நீங்களே அந்த ஆளா? எழுதுங்கள்.

பழைய போஸ்ட்மாஸ்டர்

தம்பி, நான் சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன சப் போஸ்ட் ஆபீசில் நிறைய வருஷம் இருந்தவன். ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு லஸ்கர் இருந்தார். மடையைத் திறந்து மூடுகிற வேலை. இடுப்பில் எப்போதும் ஷட்டர் சாவி தொங்கும், நடந்து வந்தால் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிடும். சம்பளம் வாங்கிய மறுநாள் ஆபீசுக்கு வருவார். 150 ரூபாய்க்கு ஒரு மணியார்டர். அப்போது இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். நூற்றைம்பதுக்கு எட்டு ரூபாய். “எட்டு ரூவா உங்களுக்கா சார்?” என்று முதல் தடவை கேட்டார். கவர்மெண்டுக்கு என்றேன். “அவுகளுக்குத்தான் நான் மடை தொறக்குறேனே” என்றார்.

பணம் போவது திண்டுக்கல் பக்கம் ஒரு விடுதியில் இருந்த பையனுக்கு. ஏழாவது படிக்கிறான். உறவு கிடையாது. படிப்பை நிறுத்தி லாரி செட்டில் சேர்க்கப் போகிறார்கள் என்று யாரோ டீக்கடையில் பேசியது இவர் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அனுப்புநர் பெயர் போட வேண்டுமே என்றேன். யோசித்துவிட்டுச் செத்துப்போன தாத்தா பெயரைச் சொன்னார். முகவரி? “உங்க ஆபீஸ் முகவரியே இருக்கட்டும் சார்.” சட்டப்படி செல்லாத காரியம். எழுதினேன்.

மணியார்டர் பாரத்தை இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அடியில் ஒரு கூப்பன் இருக்கும், அதில் நாலு வரி சேதி எழுதலாம், பணம் வாங்குகிறவர் அதைக் கிழித்து வைத்துக்கொள்வார். இவர் ஒரு தடவைகூட அதில் எதையும் எழுதியதில்லை. இன்னொரு துண்டு ஒப்புகை. பணம் வாங்கியவர் கையெழுத்துப் போட்டு, அது அனுப்பியவருக்கே திரும்பி வரும். பத்து நாளில் வந்துவிடும். எட்டாம் நாளே வந்து நிற்பார். “வந்துருச்சா சார்?” என்பார். பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. கையெழுத்தைப் பார்க்க வருகிறார்.

முதல் துண்டில் பையன் தன் பெயரைத் தமிழில் முழுசாக, அப்பா பெயரோடு, இடம் போதாமல் மடக்கி எழுதியிருந்தான். கீழே வார்டன் கையெழுத்து. ஒன்பதாவது வந்ததும் இங்கிலீஷில் பெரிய எழுத்தாகப் போட்டான். பத்தாவதில் கூட்டெழுத்து. பிளஸ் ஒன்னில் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்திருந்தான். லஸ்கர் அதைக் கவுண்டரில் இருந்த எல்லோருக்கும் காட்டினார். “பாருங்க, கோடு போட்டுட்டான்!” பையன் யார், எதற்காக என்று யாருக்கும் சொல்லவில்லை. கோட்டை மட்டும் காட்டினார். அந்தத் துண்டுகளையெல்லாம் வீட்டில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார், கடைக்காரர் பில் குத்தி வைப்பது போல.

1996-ல் ஒருநாள். ஜூன் மாசம் என்று நினைவு. துண்டு வந்தது. கையெழுத்து, கோடு, இரண்டு புள்ளி. ஓரத்தில் பொடி எழுத்தில்: “பிளஸ் டூ பாஸ். 1034.” ஒப்புகையில் சேதி எழுதக் கூடாது. நான் கண்டுகொள்ளவில்லை. அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். படித்துவிட்டு, “எத்தனைக்கு சார்?” என்றார். ஆயிரத்து இருநூறுக்கு என்றேன். பசையும் பேனாவும் வைத்திருக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடக்கும். அதில் போய் உட்கார்ந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்குகிறது. சாவி பெஞ்சில் தட்டித் தட்டிச் சத்தம் போடுகிறது. பென்ஷன் வாங்க வந்த கிழவி ஒருத்தி பதறி என்னைப் பார்த்து, “தந்தி கிந்தி வந்துருச்சாய்யா?” என்று கேட்டாள். அந்தக் காலத்தில் போஸ்ட் ஆபீசில் ஒருத்தர் அழுதால் வேறு காரணம் இருக்காது.

சரி, கதை அதோடு முடியவில்லை. நாலைந்து வருஷம் கழித்து அந்தப் பையன் முகவரியைத் தேடிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டான். பேன்ட் சட்டை, கையில் ஸ்வீட் பாக்ஸ். தாத்தா பெயரைச் சொல்லிக் கேட்டான். அந்தப் பெயரில் இந்த ஊரில் யாரும் இல்லை என்றேன். பொய் இல்லையே. சொல்லக் கூடாது என்று லஸ்கர் என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தார். பையன் முகம் விழுந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, கண்மாய் மடைப் பக்கம் நல்லாக் காத்து வரும், ஒரு எட்டுப் போயிட்டுப் போங்க” என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை ஆபீஸ் திறக்குமுன் லஸ்கர் வாசலில் நிற்கிறார். மடைக்கு ஒரு தம்பி வந்ததாம், அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தானாம், ஷட்டர் எப்படி ஏறுகிறது என்றெல்லாம் கேட்டானாம். இவருக்குச் சந்தேகம். “உங்க ஊர்ப் பக்கம் வந்தா வர்றேன், விலாசம் எழுதிக் குடுங்க தம்பி” என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்தத் தாளை என் முன்னால் விரித்து, “சார், அவனேதான். கோடு அப்படியே இருக்கு” என்றார். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். “எதுக்கு சார்?” என்றார்.

அந்தத் தீபாவளிக்கு ஒரு பார்சல் வந்தது. எட்டு முழ வேட்டி, துண்டு. பெறுநர், செத்துப்போன தாத்தாவின் பெயர். அதற்குக் கீழே முகவரியில் ‘கண்மாய் மடை அருகில்’ என்று எழுதியிருந்தது. அடியில் கோடு, இரண்டு புள்ளி.

லஸ்கர் இருக்கும்வரை வருஷா வருஷம் வந்தது.

வேலூர் சிஸ்டர்

ஐயா, ஆஸ்பத்திரியில் நைட் டூட்டியில் உட்கார்ந்து படித்தேன். மாஸ்க் இருந்ததால் தப்பித்தேன்.

ஆனால் நன்றியைப் பற்றி எனக்கு ஒரு கசப்பு இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். எட்டாவது படிக்கும்போது ஓர் அறக்கட்டளை எங்கள் பள்ளியில் இருபது பேருக்கு நோட்டுப் புத்தகமும் யூனிபார்ம் துணியும் கொடுத்தது. பேர் வேண்டாம். மேடை, மைக், போட்டோகிராபர். துணியைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்க வேண்டும். நான் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்குகிறவள் என்பதால் நன்றி சொல்லும் வேலை எனக்கு. டீச்சர் எழுதிக் கொடுத்ததில் ‘எங்களைப் போன்ற ஏழைகளுக்கு’ என்று ஒரு வரி. கீழே முதல் வரிசையில் என்னோடு சண்டை போடுகிற பையன்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வரி வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று எல்லோரும் கைதட்டினார்கள். கொடுத்தவர் கண் கலங்கவில்லை. வாட்சைப் பார்த்தார்.

அதே வருஷம் எங்கள் டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர். சில்லறை இல்லாமல் ஒருநாள் நான் முழித்ததைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு கையில் காசோடு நின்றாலும், “எடுத்தாச்சு, உள்ள போ” என்பார். தன் காசைப் பையில் போட்டு டிக்கெட் கிழிப்பார். அந்த ரூட்டில் அவர் மாறிப் போகும்வரை. அவருக்கு நான் ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்லும்படி அவர் வைத்துக்கொள்ளவும் இல்லை.

அதனால்தான் மெய்டன்ஹெட் தம்பி சொன்ன டிவி நிகழ்ச்சி எனக்குப் பாதிதான் பிடிக்கிறது. வயசானவரைச் சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோய் உட்காரவைத்து, அழுகிறாரா என்று கேமராவைக் காட்டுகிறார்கள். அந்தக் கேமரா எனக்குப் பழக்கமான கேமரா.

சரித்திர வாத்தியார்

சிஸ்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதோடு ஒன்றிரண்டு திருத்தம். வாத்தியார் புத்தி, மன்னிக்கவும்.

விண்டன் அதை ஒரேயடியாக மறைத்துவிட்டார் என்பது சினிமாத்தனம். 1954-ல் மெய்டன்ஹெட் நகரசபைத் தேர்தலில் நின்றபோது தன் பிரசுரத்தில் இந்த வேலையைக் குறிப்பிட்டிருக்கிறார். தேர்தலில் தோற்றார். ஒளித்து வைக்கவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான் என்ற தோரணையில்தான் அவரும் பின்னாளில் சொல்லிவந்தார். இன்னொன்று, அவர் தனியாள் இல்லை. பிராகில் ஜெர்மன்காரன் உள்ளே வந்த பிறகும் அங்கேயே நின்று ரயில் ஏற்றிவிட்டவர் டிரெவர் சாட்விக் என்ற பள்ளி ஆசிரியர். டோரீன் வாரினர் என்ற பெண்மணி அதற்கும் முன்னாலேயே அகதி வேலையைத் தொடங்கியவர். நமக்கு ஒரு கதைக்கு ஒரு ஆள் போதும் என்று தோன்றுகிறது, மற்றவர்கள் உதிர்ந்துவிடுகிறார்கள்.

ஒன்பதாவது ரயில் ஒன்று உண்டு. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி கிளம்ப வேண்டியது, 250 குழந்தைகள். அன்றைக்குத்தான் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தான். எல்லை மூடியாயிற்று, ரயில் நகரவே இல்லை. அந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்ட யாருமே பிழைக்கவில்லை. அவர் பேட்டிகளில் அந்த ரயில் திரும்பத் திரும்ப வரும். அரங்கத்தில் எழுந்து நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாரே, அப்போது அவர் மனதில் யார் யார் நின்றார்களோ.

2018-ல் மகனோடு பிராக் போனேன். மெயின் ஸ்டேஷனில் முதல் நடைமேடையில் அவர் சிலை. கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் பெட்டியோடு ஒரு சிறுமி. ஆனால் நான் நின்றுவிட்ட இடம் வேறு. அதே ஸ்டேஷனில் பழைய ரயில் கதவு ஒன்றைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் கண்ணாடியில் உள்ளங்கைத் தடங்கள். ஒரு பக்கம் பெரிய கைகள், மறுபக்கம் சின்னக் கைகள். அனுப்பிவைத்த அப்பா அம்மாக்களின் நினைவாக, காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சார்பில் வைத்தது. என் மகனுக்கு அப்போது பத்து வயது. சின்னக் கைத் தடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. உடனே எடுத்துவிட்டான்.

அந்த நிறுத்தப்பட்ட ரயிலின் எழுபதாம் வருஷம், 2009 செப்டம்பர் 1-ஆம் தேதி, பிராகிலிருந்து நீராவி எஞ்சின் பூட்டிய ரயில் ஒன்று கிளம்பியது. பிழைத்த ‘குழந்தைகள்’ சிலரும் அவர்கள் குடும்பத்தாரும் அதில் வந்தார்கள். நாலாம் தேதி லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் அவர்களை இறக்கிக்கொள்ள விண்டன் நடைமேடையில் நின்றார். வயது 100. இன்னும் ஆறு வருஷம் இருந்து, 2015-ல்தான் போனார்.

கன்சாஸ் மருமகள்

நாங்கள் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி பக்கம். இங்கே லாரி ஸ்டூவர்ட் என்று ஒருவர் இருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் பேர் சொல்லாமல் நூறு டாலர் நோட்டுகளைக் கஷ்டப்படுகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். 26 வருஷத்தில் 13 லட்சம் டாலர். கேன்சர் வந்த பிறகுதான், 2006 நவம்பரில், நான்தான் அது என்று சொன்னார். இரண்டே மாதத்தில் இறந்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது அவர் வாங்கிய பக்கத்துக் கதை. 1971-ல் மிசிசிப்பியில் ஒரு சின்ன ஹோட்டலில் பசியில் சாப்பிட்டுவிட்டு, பர்ஸ் தொலைந்துபோன மாதிரி நடித்திருக்கிறார். கடைக்காரர் அவர் ஸ்டூலுக்கு அடியில் குனிந்து, “இது நீ போட்டதாக இருக்கும்” என்கிற பாவனையில் இருபது டாலர் நோட்டை நீட்டினார். வெளியே வந்து காரைத் தள்ளும்போதுதான் உறைத்ததாம், யாரும் எதையும் கீழே போடவில்லை என்று. 1999-ல் அந்தக் கடைக்காரரைத் தேடிப் போய்ப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

குனிந்து எடுக்கிற அந்த நடிப்பு இருக்கிறதே! எங்கள் மாமியார் எனக்குக் காசு கொடுப்பதும் இப்படித்தான். “உன் பைலேர்ந்து விழுந்துச்சு பாரு.”

மெஸ்காரர்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பேர் ஊர் போடவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு எதிரே மெஸ் வைத்திருக்கிறேன். நோயாளிக்கு உள்ளே சாப்பாடு உண்டு. கூட இருக்கிற ஆளுக்குத்தான் திண்டாட்டம். ஒரு ஆயாம்மாவிடம் தினம் பத்து டோக்கன் கொடுத்து வைப்பேன். யாருக்கு என்று அந்த அம்மாவே பார்த்துக் கொடுக்கும். “கூப்பன் வந்திருக்கு, வாங்கிக்க” என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். எங்கிருந்து என்று கேட்டால் ஆபீசிலிருந்து என்று சொல்லிவிடும். மற்றவர்கள் காசு கொடுத்து வாங்குகிற அதே பார்சல்தான், அதே இலை, அதே நூல். கல்லாவில் பையனுக்கும் டோக்கன் என்றால் காசு வந்துவிட்டது என்று அர்த்தம்.

போன வருஷம் ஒரு அம்மா. மகனுக்குக் கால் ஆபரேஷன், நாற்பது நாள் இருந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய், ஒரு மாதம் கழித்து வந்து நிற்கிறது. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், பையில் கொஞ்சம் பச்சை மொச்சை. “ஆஸ்பத்திரி ஆபீசுல போயி கூப்பனுக்கு நன்றி சொல்லலாம்னு கேட்டேன். அங்க அப்படி ஒண்ணும் கெடையாதுன்னு வெரட்டிட்டாங்க” என்றது. நான் அப்படியா என்றேன். “டோக்கன்ல ஏழு நம்பரைக் குறுக்கே வெட்டி எழுதியிருந்துச்சு. வெளில உங்க விலைப் பலகையிலயும் ஏழு அப்படித்தான் இருக்கு” என்றது. எழுபது ரூபாய்ச் சாப்பாடு, நானே சாக்பீஸில் எழுதியது.

என்ன சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே போய் வெங்காயம் உரிக்கிற இடத்தில் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த அம்மா முருங்கைக்காயைக் கல்லா மேலே வைத்துவிட்டு, பையனிடம் எழுபது ரூபாய் கொடுத்து ஒரு சாப்பாடு வாங்கி, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பையனிடம் ஜாடை காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் வேண்டாம் தம்பி, இன்னிக்கு நான் காசு குடுத்துத்தான் சாப்பிடணும்” என்றது. ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டது.

இப்போது ஏழு நம்பரை நேராக எழுதுகிறேன்.

மெய்டன்ஹெட்வாசி

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரம் கழித்து வருகிறேன். போஸ்ட்மாஸ்டர் ஐயா எழுதியதைப் படித்ததும் ஊரில் தம்பியை விட்டு அந்தப் பள்ளி கிளார்க்கைத் தேடச் சொன்னேன். எண்பது வயதாகிறது, மகள் வீட்டில் இருக்கிறார். போனில் பேசினேன். என்னை நினைவில்லை. வருஷத்தையும் அப்பா வேலையையும் சொன்னதும், “ஓ, அந்தப் பீஸா” என்றார். யார் என்றேன். சிரித்தார். “இருபத்தஞ்சு வருஷமாச் சொல்லல, இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஆள் இருக்கார். நடமாட்டம் கம்மி. நீ எதாச்சும் எழுதிக் குடுத்தாக் கொண்டுபோய்க் குடுப்பேன்.”

எழுத உட்கார்ந்தால் வரவில்லை. நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். எழுதியதெல்லாம் சிஸ்டர் அக்கா மேடையில் படித்த பேச்சு மாதிரியே இருந்தது. ஐயாவுக்குத் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டேன். “பெருசா எழுதாதீங்க தம்பி. ஒப்புகை மாதிரி எழுதுங்க” என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

ஒரு துண்டுத் தாளில் என் கையெழுத்தைப் போட்டேன். ஓரத்தில், “பிளஸ் டூ, இன்ஜினியரிங் முடித்தேன். வேலையில் இருக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார்” என்று எழுதினேன். தம்பி கொண்டுபோய் கிளார்க்கிடம் கொடுத்தான்.

நேற்று கிளார்க் மகளின் போனிலிருந்து பேசினார். கொடுத்துவிட்டாராம். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாராம். மடித்துச் சட்டைப்பையில் வைத்தாராம். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “கல்யாணம் ஆயிருச்சா? பிள்ளைக எத்தனைன்னு எழுதலயே?” என்று கேட்டாராம்.

இன்றைக்கு இரண்டாவது துண்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். சின்னவளும் தன் கையெழுத்தைப் போட வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறாள். அவளுக்கு இன்னும் பெயர் ஒரே வரியில் அடங்குவதில்லை.